மாரடைப்பு வந்தவரிடம் ‘மனம் எப்படி?’ என்று தாள் வைத்துக் கேட்பது தேவையா?

கேள்வி: 2024 மாசி 27

அத்தானுக்கு மாரடைப்பு வந்து ஏழு கிழமை. ஸ்டென்ட் வைத்தாயிற்று. கிளினிக்கில் எல்லாம் நல்லம் என்கிறார்கள். போன முறை ஒன்பது கேள்வி அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்களாம். “எனக்கென்ன விசரா?” என்று அதை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அக்கா அழுகிறா. எனக்கென்றால் அத்தான் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. சாவைத் தொட்டுவிட்டு வந்தவன் கவலைப்படத்தானே செய்வான்? அதற்கொரு தாளா? திருகோணமலையில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

மாசி 27, இரவு 9.40

உண்டு. எனக்கே. தாள் தேவைதான். அந்தத் தாளைச் சட்டையோடு சேர்த்துத் தோய்க்கப் போட்டுவிடாதீர்கள். குளிசை போடுகிற நேரம், நாளைக்கு எழுதுகிறேன்.

மாசி 28

நான் படகு மெசின் திருத்துகிறவன். கடை திருக்கடலூர்ப் பக்கம். வயது 56. போன வருடம் தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள், இரவு பன்னிரண்டரைக்கு நெஞ்சில் ஒரு பாரம். வாய்வு என்று நினைத்தேன். மனிசி உள்ளியும் இஞ்சியும் அவித்துத் தந்தாள். குடித்தேன், ஏவறை விட்டேன், இரண்டு மணித்தியாலம் வீணாகப் போனது. இடது தாடை வலிக்கத் தொடங்கிய பிறகுதான் 1990 அம்புலன்சுக்கு அடித்தோம். இரத்தக்கட்டி கரைக்கிற ஊசி, பிறகு வெளியூரில் அஞ்சியோகிராம், ஒரு ஸ்டென்ட். அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆறாம் கிழமை கடை திறந்தேன். கிண்ணியாவில் இருந்து 15 குதிரை மெசின் ஒன்று வந்தது. காபரேற்றரைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஜெற்றின் துவாரம் ஊசிமுனை அளவு. வயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதற்குள் விட்டு உப்பைக் குத்தி எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, இருபது நிமிஷம் போதும். காலை ஒன்பதுக்கு இழையைக் கையில் எடுத்தேன். லுஹர் பாங்கு கேட்கும்போதும் அது கையிலேயே இருந்தது.

கவலை இல்லை தம்பி, அழுகை இல்லை, பயமும் பெரிதாக இல்லை. இழையைத் துவாரத்துக்குள் விட வேண்டும் என்பது தலைக்குத் தெரிகிறது, கைக்கு இறங்கவில்லை. பின்னேரம் அந்த மனிதர் வந்து கேட்டபோது “ஏலாது, வேறு ஆளிடம் கொண்டுபோங்கோ” என்றேன். முப்பது வருஷத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிளினிக்கில் மூன்று முறை கேட்டார்கள்: “எப்படி, சுகமா?” மூன்று முறையும் “ஓம், சுகம்” என்றேன். பிறசர் நல்லம், கொலஸ்ட்ரோல் நல்லம், கொப்பியில் ஒப்பம். அவர்களையும் குறை சொல்ல ஏலாது, வாங்கில் எனக்குப் பின்னால் எழுபது பேர் இருந்தார்கள்.

நாலாம் முறை ஒரு தாதி மிஸி இருந்தா. சின்னப் பிள்ளை, என் மகளின் வயது இருக்கும். “ஐயா, கடந்த இரண்டு கிழமையில் எதிலயாவது விருப்பம் இல்லாமல் இருந்ததா?” என்று கேட்டா. நான் வாய் திறக்கமுன் மனிசி சொல்கிறாள், “அவர் நல்லா இருக்கிறார் மிஸி, சாப்பிடுகிறார், ரிவி பார்க்கிறார்.” மிஸி சிரித்துக்கொண்டே துண்டை அவளிடம் நீட்டி, “அம்மா, மருந்து எடுக்கிற வரிசையில ஒருக்கா நில்லுங்கோ, நேரம் போயிரும்” என்று அனுப்பிவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு, அதே கேள்வியை முதலில் இருந்து கேட்டா.

14 எடுத்தேன். 27க்கு.

மாசி 29

பிழை திருத்தம். நேற்று 14 என்று எழுதியிருந்தேன். பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன், 13. பாடசாலையில் ஒரு மாக்ஸ் கூட்டிச் சொன்ன பழக்கம் இன்னும் போகவில்லை.

எப்படி 13 என்று உவர்மலையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை. ஒருநாளும் இல்லை என்றால் 0, அநேகமாக ஒவ்வொரு நாளும் என்றால் 3. எனக்கு: விருப்பமின்மை 3. கவலை, மனம் தாழ்ந்திருத்தல் 0. நித்திரை 3. களைப்பு 3. சாப்பாடு 1. ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ 1. கவனம் நிற்காமை 1. உடம்பு மந்தமாக அல்லது பதற்றமாக அசைதல் 0. ஒன்பதாவதுக்கு 1. அந்த ஒன்பதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

5, 10, 15, 20 என்று படி வைத்திருக்கிறார்கள். 10க்கு மேல் வந்தால் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். முதல் இரண்டு கேள்வியை மட்டும் கேட்பதும் உண்டு, அதில் 6க்கு 3 வந்தாலே மிச்சம் ஏழையும் கேட்பார்கள். நான் அந்த 3ஐ முழுக்க முதல் கேள்வியிலேயே எடுத்துவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன் தம்பி. ‘கவலைப்படத்தானே செய்வான்’ என்கிறீர்கள். சரி. என் தாளில் கவலைக்கு 0. கவலைப்படுகிறவனை வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள், மூலையில் சும்மா இருக்கிறவனை ‘ரெஸ்ட் எடுக்கிறார்’ என்று விட்டுவிடுவார்கள்.

பங்குனி 1

உவர்மலைக்காரர் விடுவதாக இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்திருப்பார் போல. “நித்திரை 3, களைப்பு 3, சாப்பாடு 1, இந்த ஏழும் இதய நோயாளிக்கு எப்படியும் வரும். அதைக் கழித்தால் உமக்கு 6தான். உமக்கு ஒன்றுமே இல்லை ஐயா” என்று எழுதியிருக்கிறார்.

நல்ல அடி. நானும் அதை மிஸியிடம் சொல்லிப் பார்த்தேன். “ஐயா, வலையில் பட்டதெல்லாம் மீனில்லை, கல்லும் வரும், மேலே எடுத்துத்தான் பார்க்க வேணும்” என்றா. (மீன்காரரோடு சீவிக்கிற எனக்கே!) தாளை வைத்து யாரும் நோய் என்று தீர்ப்பு எழுதவில்லை. அடுத்த கிழமை தைரொயிட்டுக்கு இரத்தம் எடுத்தார்கள், ஹீமோகுளோபின் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் மனநல டொக்டரிடம் பேச வைத்தார்கள். எத்தனை களைப்பு மாக்ஸ் இருந்தாலும், முதல் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் மனச்சோர்வு என்று பெயர் வைக்க மாட்டார்களாம். என்னிடம் ஒன்று இருந்தது.

பங்குனி 3

ஒரு குற்ற ஒப்புதல். அந்த நாட்களில் இதெல்லாம் இதயத் துடிப்பைக் குறைக்கிற பீற்றா புளொக்கர் குளிசையால்தான் என்று முடிவு கட்டி, மனிசிக்குத் தெரியாமல் நாலு நாள் அதை நிறுத்தினேன். காலையில் வாயில் போட்டு, நாக்கின் கீழ் ஒதுக்கி, பின்பக்கம் போய்த் துப்பிவிடுவேன். ஐந்தாம் நாள் மாடி ஏறும்போது நெஞ்சு இறுகியது. அந்த வகைக் குளிசையைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலி திரும்பக் கிளம்பும் என்று பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கேயும் இரண்டு பேர் ‘பீற்றா புளொக்கர்தான் மனச்சோர்வு தருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் போன வருஷம் வரைக்கும் அந்தக் கட்சி. மட்டக்களப்பில் தாதியியல் படிக்கிற மகள் என்னோடு சண்டை பிடித்து மாற்றினாள். 2021 இல் 200க்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், மனச்சோர்வுக்கும் அந்தக் குளிசைக்கும் தொடர்பு தெரியவில்லை. களைப்பு உண்டு, சிலருக்கு விநோதக் கனவு உண்டு. எனக்கும் வந்தது, சீனன்குடா விமான ஓடுபாதையில் வள்ளம் தள்ளினேன்.

பங்குனி 3, பின்னேரம்

வள்ளம் பறந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை. மெசின் ஸ்டார்ட் ஆகவில்லை.

பங்குனி 6

‘மன அழுத்தமா, மனச்சோர்வா’ என்ற சொல் சண்டைக்கு நானும் வருகிறேன். ‘மன அழுத்தம்’ என்று பேப்பர்காரர் எல்லாவற்றுக்கும் எழுதுகிறார்கள். சீட்டுக்காசு கட்ட முடியாமல் தவிப்பதும் மன அழுத்தம், நான் இழையோடு இருந்ததும் மன அழுத்தம். எனக்கு அழுத்தமே இருக்கவில்லை, காற்றுப் போன ரியூப் மாதிரி இருந்தேன். ‘மனச்சோர்வு’தான் கிட்ட வருகிறது. ஆனால் மீன்வாடியில் போய் “உமக்கு மனச்சோர்வா?” என்று கேட்டால் எவன் ஓம் என்பான்?

எங்கள் ஆட்களிடம் இருக்கிற சொல் ‘யோசனை’. “மனுசன் ஒரே யோசிக்கிறார்” என்றால் ஊருக்கே விளங்கும். தமிழ்நாட்டாருக்கு அது ஐடியா, எங்களுக்கு அது வருத்தம். அந்த மிஸியும் ‘மனச்சோர்வு’ என்று வாயே திறக்கவில்லை. “முந்தி விருப்பமாச் செய்தது எது? இப்ப அதைச் செய்கிறீங்களா?” என்றுதான் கேட்டா. தாளில் அச்சடித்திருந்த தமிழ் வேறு, அரச கடிதம் மாதிரி. அத்தான் மடித்துவிட்டார் என்றால் பாதிக் குற்றம் அந்த நடையின் மேல்.

மீதிப் பாதி ‘அங்கொடை’ என்ற சொல்லின் மேல், மனநல ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். எங்கள் காலத்தில் அது ஊரின் பெயராகவா இருந்தது? வசவாகத்தானே இருந்தது. மனநலக் கிளினிக் வாசலில் முதல் நாள் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பினார். எனக்கு எட்டாயிரம் கடன் தரவேண்டியவர். அதற்காகத் திருப்பினாரா, மற்றதுக்காகவா என்று இன்னும் தெரியாது.

பங்குனி 10

உவர்மலைக்காரர் இப்போது ஆய்வோடு வந்திருக்கிறார். நல்லது, மகளை எழுப்பிக் கேட்டு எழுதுகிறேன்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழு மனச்சோர்வு உண்டு, அரைகுறையாக இருப்பவர்கள் அதற்கு மேல். 1993 இல் மொன்றியலில் 222 பேரைப் பார்த்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் இறப்பது கூடியிருந்தது, இதயம் எவ்வளவு பழுதானது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும். அமெரிக்க இதயச் சங்கம் 2008 இல் ‘எல்லா இதய நோயாளரிடமும் கேளுங்கள்’ என்றது. 2014 இல் அவர்களுடைய குழுவொன்று, இந்த நோயாளர் மோசமாவதற்கு மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணியாக எண்ண வேண்டும் என்று எழுதியது.

சிகிச்சை கொடுத்தால் உயிர் நீளுமா? அங்கேதான் இடறுகிறது. 2003 இல் 2481 பேரை வைத்துப் பேச்சு வழிச் சிகிச்சையைச் சோதித்தார்கள். மனம் கொஞ்சம் தேறியது, மரணமும் இரண்டாவது மாரடைப்பும் குறையவில்லை. கொரியாவில் 300 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வுக் குளிசையை 24 கிழமை கொடுத்து, எட்டு வருஷமளவில் பின்தொடர்ந்தார்கள். பெரிய இதயச் சிக்கல் வந்தது மருந்துக்காரரில் நூற்றுக்கு 41, மற்றவர்களில் 54.

உவர்மலைக்காரர் தூக்கிக் காட்டுவது 2019 இல் வெளிவந்தது: 1500 பேர், மூன்று கூட்டம். ஒரு கூட்டத்திடம் கேட்டுச் சிகிச்சையும் கொடுத்தார்கள், ஒரு கூட்டத்திடம் கேட்டு டொக்டருக்கு மட்டும் அறிவித்தார்கள், மூன்றாவதிடம் கேட்கவே இல்லை. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். “தாளால் பயனில்லை” என்று அவர் எழுதியது அதை வைத்து.

அதே ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 10க்கு மேல் எடுத்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஏற்கெனவே மனச்சோர்வு என்று தெரிந்தவர்களைச் சேர்க்கவும் இல்லை. பத்துப் படகில் ஒன்றின் மெசினைத் திருத்திவிட்டு, பத்துப் படகின் சராசரி வேகம் கூடியதா என்று பார்த்தால் எவ்வளவு தெரியும்?

பங்குனி 11

நேற்றைய கடைசி வரியை எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. (நித்திரை: 1 மாக்ஸ்.) படகுக் கதை கேட்க நல்லாயிருக்கிறது, ஆனால் அவருடைய பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. தாளைக் கொடுத்து, கூட்டி, கொப்பியில் ‘13’ என்று எழுதி மூடிவிட்டால், அவர் சொல்வதுதான் சரி. கேட்காமல் விட்டதைவிட அது மோசம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அடுத்த முறை அவன் எல்லாவற்றுக்கும் 0 போட்டுவிடுவான். எனக்குத் தாள் உதவியதா, கதிரையை இழுத்துப் போட்டது உதவியதா? ‘தேவை’ என்று முதல் நாள் எழுதியதை மாற்றவில்லை. ‘எங்கே அனுப்புவது என்று தெரிந்தவரிடம் இருந்தால்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கேட்பது என்பதும் இருக்கிறது. வாட்டில் மூன்றாம் நாள் கேட்டிருந்தால் நான் 0 எடுத்திருப்பேன். அன்றைக்கு நான் ராசா. பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழம் கட்டிலுக்குக் கீழே உருண்டது. ஆறாம் கிழமையில்தான் வீடு காலியானது.

பங்குனி 15

கிண்ணியாத் தம்பிக்கு. வாப்பா மூன்று மாதமாகச் சுபஹுக்குப் பள்ளிக்குப் போகவில்லை, மூச்சு வாங்குவதால் என்று வீட்டில் நினைக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படியே இருக்கும் என்று சுருக்கமாகப் பதில் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். உங்கள் இரண்டாவது குறிப்பில், அசருக்குப் பிறகு கூட்டாளிமார் வாசலுக்கே வருகிறார்கள், வாப்பா எழும்பி உள்ளே போய்ப் படுக்கிறார் என்று இருக்கிறது. வாசலில் இருந்து பேச மூச்சு வேண்டாமே. டொக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள், வாப்பாவைத் தனியாக ஒருக்காக் கேட்கச் சொல்லுங்கள்.

நோன்பு பற்றி: பகல் குளிசையைத் தானாக விட வேண்டாம். நேரத்தை மாற்ற முடியுமா, நோன்பு பிடிக்கலாமா என்பதை அவரே டொக்டரிடம் கேட்கட்டும்.

“நாங்கள் சுனாமியையே பார்த்த ஆக்கள், இதுக்குப் போய்” என்று வாப்பா சொன்னாராம். இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் அந்த வரி மனப்பாடம். நானும் சொன்னேன். 2004க்குப் பிறகு கவுன்சிலிங் என்று வந்த ஒரு கூட்டம் எங்கள் ஆட்களிடம் கலர்ப் பென்சில் கொடுத்துப் படம் கீறச் சொன்னது. என் மாமனார், எழுபது வயது, ஒரு பாரை மீன் கீறிக் கொடுத்தார். நல்லாத்தான் இருந்தது.

பங்குனி 16

ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லம் என்றோ, தனக்குத்தானே ஏதும் செய்துகொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா.

மிஸி அதைத் தாண்டிப் போகவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. இரவுக் குளிசையை எண்ணி எடுக்கும்போது ‘நாளைக்கு விடியாவிட்டாலும் பரவாயில்லை’ என்று வந்து போனதைச் சொன்னேன். மனிசிக்கு அதுவரை தெரியாது. மிஸி, ஏதும் திட்டம் இருக்கிறதா, வீட்டில் யார் கூட இருக்கிறார்கள் என்று இன்னும் நாலு கேட்டா. அன்றைக்கே கிளினிக் டொக்டரைப் பார்க்க வைத்தா.

‘கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கேட்டதால் அப்படி வருவதில்லை என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எனக்கு ஒருவர் கேட்டது ஆறுதலாக இருந்தது. இதை வாசிக்கிற யாருக்காவது அந்த எண்ணம் வந்து போகிறது என்றால், 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990.

பங்குனி 21

நடை பற்றிக் கேட்டவர்களுக்கு. தட்டையில் தொடங்குங்கள், டச்சுக்குடாக் கரை போதும். கோணேசரைக் கும்பிடுகிறேன் என்று முதல் மாதமே கோட்டை வாசலில் இருந்து சுவாமிமலை ஏறாதீர்கள். நான் மூன்றாம் மாதம் ஏறினேன், பாதியில் ஒரு மதிலில் குந்தினேன். கோட்டை மான் ஒன்று வந்து, அருச்சனைக்குக் கொண்டுபோன கதலி வாழைப்பழத்தை இழுத்துத் தின்றது. திரும்பிவிட்டேன். பலன் மானுக்கு.

பங்குனி 30

மனச்சோர்வுக்கு என்ன மருந்து என்று நாலு பேர் கேட்டாயிற்று. செர்ட்ரலின், முதலில் 25 மில்லிகிராம், பிறகு 50. இது எனக்குக் கொடுத்தது, உங்களுக்கு என்னவென்று உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கலாமா என்று 2002 இல் 369 பேரில் சோதித்து, இதயத்துக்குக் கெடுதல் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். அமிற்றிப்டிலின் மாதிரிப் பழைய வகைகளை இந்த நேரத்தில் தவிர்ப்பார்கள். சிட்டலோபிராம் அளவு கூடினால் துடிப்பின் ஒழுங்கு குழம்பலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011 இல் எச்சரித்தது. அதனால் வீட்டில் கிடக்கிற யாருடைய குளிசையையும் எடுத்துப் போடாதீர்கள். செர்ட்ரலினோடு, இரத்தம் உறையாமல் தடுக்கிற அஸ்பிரினும் குளோபிடோகிறெலும் போடுகிறவர்களுக்கு இரத்தம் கசிவது கொஞ்சம் கூடலாம். எனக்குப் பல்லு விளக்கும்போது கசிந்தது. மலம் கறுப்பாகப் போனால் உடனே சொல்ல வேண்டும் என்றார்கள்.

முதல் மூன்று கிழமை ஒன்றுமே தெரியவில்லை. காசுக்கு நட்டம் என்று மனிசியிடம் சொன்னேன். இலவசமாகத்தானே தந்தவை என்றாள்.

கூடவே மனநலக் கிளினிக்கில் ஒரு பிள்ளை கிழமைக்கு ஒரு தரம் கதைத்தா. கதைத்தது என்ன, வேலை தந்தது. விருப்பம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு ஜெற், விருப்பம் இல்லாமலே குத்தி எடுங்கள் என்றா. முதல் நாள் ஐம்பது நிமிஷம் பிடித்தது. இப்போது திரும்ப இருபது.

சித்திரை 11

முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்துவிட்டார். அத்தான் சட்டைப் பைத் தாளை எடுத்து, மேசையில் வைத்து, இரவு தனியாக இருந்து நிரப்பினாராம். 5. களைப்பும் நித்திரையும்தான். “நான் சொன்னேனே” என்று அத்தான் பக்கம் நின்றவர் மார்தட்டலாம், உரிமை உண்டு. டொக்டர், இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் கேட்போம் என்றாராம்.

ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்த அக்கா, அதே தாளைத் தனக்கும் ஒருக்காப் போட்டுப் பார்த்தாவாம். 12.

இதை வாசித்துவிட்டுக் குசினிக்குப் போனேன். மனிசி வருஷத்துக்குப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உள்ளி அவித்தவள், எனக்குப் பதிலாக மிஸியிடம் பதில் சொன்னவள், நாலு நாள் குளிசை துப்பியதைப் பின்னால் அறிந்து ஒரு கிழமை என் வாயைத் திறந்து பார்த்தவள். கதிரையை இழுத்துப் போட்டு, “இரண்டு கிழமையாக எதிலயாவது விருப்பம் இல்லாமல் இருக்கிறாயா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு வேற வேலை இல்லையா, எண்ணெய் காயுது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கரண்டியால் திருப்பிக்கொண்டே, “முதலாவதுக்கு எத்தனை மாக்ஸ்?” என்று கேட்டாள்.

இதை எழுதும்போது இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். மிச்சம் ஏழு.